தென்பள்ளத்து மூச்சு

புதுக்கரை நாட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே மூன்று நிறம் தெரியும். மஞ்சள் என்றால் வாங்கிய மண், பச்சை என்றால் உடன்படிக்கையில் வந்த மண், சிவப்பு என்றால் வென்ற மண். பள்ளிக்கூடச் சுவரிலும் சந்தை வாசலிலும் அந்த வரைபடம்தான். தூத்துக்குடிப் பக்கம் கடல் ஏறி ஊர்கள் முழுகிய காலத்தில், செவ்வாய்க் கோளில் ஒரு சின்னப் பள்ளத்தில் வந்து இறங்கியவர்கள் இரண்டாயிரம் பேர். நூறு ஆண்டில் அறுபதாயிரம் பேராகி, பன்னிரண்டு பள்ளங்களுக்குச் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். பெருமைப்படாமல் இருக்க முடியுமா? பட்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொண்டார்கள். இந்தக் கதையின் தொல்லை முழுவதும் அந்தப் பீற்றலில் தொடங்கியதுதான்.

செவ்வாயில் வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. அங்கே எல்லை என்பது மூச்சுப்பாசி. கண்ணாடிக் கூரைக்கு அடியில் மெத்தைபோலப் படர்ந்து, வெயிலைக் குடித்து, மனிதர்கள் மூச்சுவிடக் காற்றைத் தருகிற பாசி. ஒவ்வொரு நாட்டுப் பாசிக்கும் விதையிலேயே ஒரு பூட்டு வைத்திருப்பார்கள். அதன் சாவி அந்த நாட்டாரிடம் மட்டும் இருக்கும். சாவியைத் திருப்பினால் பாசி அடங்கிவிடும். யாருடைய பாசி மூச்சுவிடுகிறதோ மண் அவர்களுடையது என்பது கோள் முழுவதும் ஒப்புக்கொண்ட சட்டம்.

செண்பகவல்லி இருபத்தாறு ஆண்டுகளாகப் புதுக்கரை எல்லைத் துறையில் மண்ணைத் துளைத்துப் பார்ப்பவள். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, எதையும் இரண்டு தடவை பார்க்கிற பழக்கம். அன்று காலை அவள் தென்பள்ளத்தில் தன் மகள் உலகம்மையின் வீட்டுப் பின்புறம் துளைக்குழாயை நட்டுக்கொண்டிருந்தாள். பூமியையே பார்க்காத பெண்ணுக்கு உலகம்மை என்று பெயர் வைத்ததை இன்றைக்கும் சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

"இங்கன எதுக்கும்மா ஓட்ட போடுத? புள்ள இப்பதான் கண் அசந்தான்" என்றாள் உலகம்மை. மகனுக்கு நாலு மாதம்.

"சத்தம் வராது. ஊசி கணக்கா எறங்கிரும்."

"எறங்கி என்னத்தக் கண்டுபிடிக்கப் போற?"

"நம்ம பாசிக்கு அடியில என்ன கெடக்குன்னு பாக்கணும். வாங்குன மண்ணுன்னா அடியில வெறுந்தரையா இருக்கும். வித்தவன் அவன் பாசியப் பாயச் சுருட்டுத மாதிரி சுருட்டிட்டுப் போயிருவாம்லா. உடன்படிக்கைன்னா ரெண்டு ஊருப் பாசியும் பின்னிக் கெடக்கும். சண்ட போட்டுப் புடிச்சதுன்னா அடியில கரி. பழைய பாசியக் கொன்னுட்டுத்தான நம்மளத விரிப்பாவ."

"அப்ப கரிதான் வரும். தளபதி ராயப்பன் சிலையத் தாண்டித்தான் தெனமும் சந்தைக்குப் போறேன்." உலகம்மை குரலைத் தாழ்த்தினாள். "கரி வந்தா எங்க எல்லாத்தையும் காலி பண்ணச் சொல்லிருவாவளோ?"

செண்பகவல்லி குழாயை இன்னும் ஆழத்துக்கு இறக்கினாள். அந்தக் கவலைதான் அவளுக்கும். போன ஆண்டு கோளின் எல்லா நாடுகளும் சேர்ந்து ஒரு புதுச் சாசனம் எழுதியிருந்தன. வாங்கிய மண்ணும் உடன்படிக்கை மண்ணும் வைத்திருப்பவர்களுக்கே. சண்டையில் பறித்த மண்ணை மட்டும், தோற்றவர்களின் வாரிசுகள் உயிரோடு இருந்து கேட்டால், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எந்த மண் எந்த வகை என்று கோள் மன்றம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். புதுக்கரையில் சிவப்பு நிறத்தில் இருந்தது ஒரே இடம், தென்பள்ளம். எழுபது ஆண்டுகளுக்கு முன்பு தளபதி ராயப்பன் பதினெட்டு வீரர்களோடு போய், வாய்ரா ஊர்க்காரர்களை ஓட ஓட விரட்டிப் பிடித்த இடம் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. வாய்ராக்காரர்கள் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்து குடியேறியவர்கள். இன்னும் நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தங்கள் பழைய ஊரில்தான் இருக்கிறார்கள். தென்பள்ளத்தில் இப்போது பதினோராயிரம் பேர். அவர்களுக்கு வேறு எங்கேயும் மூச்சு இல்லை. புதுக்கரையின் மற்றப் பள்ளங்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன.

குழாயை மெல்ல உருவினாள். மேலே ஒரு சாண் நீலப்பச்சை, புதுக்கரைப் பாசி. அதற்குக் கீழே கரி இல்லை. செங்காவி நிறத்தில், ஈரமாக, இன்னொரு பாசி உயிரோடு இருந்தது.

செண்பகவல்லி வழக்கம்போல இன்னொரு தடவை பார்த்தாள். மூச்சுமானியை எடுத்து இரண்டு அடுக்குகளையும் தனித்தனியாக அளந்தாள். மேல்பாசி ஒரு பங்கு காற்றுத் தந்தால் கீழ்ப்பாசி இரண்டு பங்கு தந்தது. அதன் பூட்டு புதுக்கரைப் பூட்டு இல்லை, வாய்ராப் பூட்டு. தென்பள்ளத்தில் பதினோரு இடத்தில் துளைத்தாள். பதினோரு இடத்திலும் அதேதான்.

வாய்ராக்காரர்கள் அந்தச் சாவியை என்றைக்குத் திருப்பியிருந்தாலும் தென்பள்ளம் ஒரு பொழுது தாண்டியிருக்காது. அதைவிட அவளைக் குழப்பியது இன்னொன்று. வெயில் படாத ஆழத்தில் பாசி பிழைக்காது. யாராவது ஊட்டினால்தான் உண்டு.

ஊட்டுகிற குழாயைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. தென்கோடியில் பாறை இடுக்கில், கட்டைவிரல் பருமனில், சத்துநீர் ஓடிக்கொண்டிருந்த குழாய். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு அதைப் பிடித்தபடியே தெற்கே போனாள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வாய்ரா ஊரின் நீரேற்று அறையில் போய் அது முடிந்தது. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்து குழாய்த் திருகு ஒன்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். செண்பகவல்லியின் வயதுதான் இருக்கும். அகன்ற முகம், இரட்டைப் பின்னல்.

"வணக்கம். தாங்கள் புதுக்கரையிலிருந்து வருகிறீர்கள் என்று கருதுகிறேன்" என்றாள்.

செண்பகவல்லி திகைத்துப் போனாள். "தமிழ் பேசுதீங்களே."

"என் பெயர் இல்யாரி. சிறுவயது முதல் உங்கள் வானொலிச் செய்திகளைக் கேட்டு வருகிறேன். உரையாடுவதற்கு இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை."

சிரிப்பு வந்தது செண்பகவல்லிக்கு. ஆனால் அவள் சிரிக்க வரவில்லையே. திருகைக் காட்டினாள். "இந்தத் தண்ணி எங்க போவுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். என் தந்தையும் இதைத்தான் பார்த்துக்கொண்டார். அவருக்கு முன் அவருடைய அத்தை."

"ஏன்? நாங்க உங்கள வெரட்டி அடிச்சவங்கல்லா?"

இல்யாரி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "யாரும் எங்களை விரட்டவில்லை. உங்கள் கிழக்குப் பள்ளத்துப் பாசியில் அழுகல் நோய் வந்தது. அதை உங்கள் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்களா?"

"இல்ல."

"பதினெட்டுப் பேர் ஆயுதத்தோடு முன்னால் வந்தார்கள். பின்னால் மூன்று பெரிய வண்டிகள். அவற்றில் அறுநூறு பேர், பாதிப் பேர் குழந்தைகள். நான்கு மணி நேரக் காற்றுதான் மிச்சம் இருந்தது. எங்கள் ஆட்கள் பாறை மேலிருந்து பார்த்தார்கள். கதவை அடைத்துவிட்டு உள்ளே பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், மறுநாள் காலையில் சண்டை போட எதிரில் ஆள் இருந்திருக்காது. எங்களில் சிலர் அப்படிச் செய்யத்தான் சொன்னார்கள். பொய் சொல்ல மாட்டேன்."

"பெறகு?"

"அங்கே நாங்கள் எண்பது பேர்தான் இருந்தோம். எங்களுக்குத் திரும்பிப் போக இந்த ஊர் இருந்தது. உங்களுக்கு எதுவும் இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்துவிட்டோம். அடுப்பில் ஒரு அண்டா உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அதையும் இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். உங்கள் தளபதி ஆளில்லாத ஊரைப் பார்த்தார். வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டார். வெயில் படாமல் எங்கள் பாசி தானே செத்துவிடும் என்று அதன் மேலேயே உங்கள் பாசியை விரித்தார்கள்."

செண்பகவல்லி அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "சரி, அன்னைக்கு விட்டுட்டு வந்தீங்க. இத்தன வருசமா ஏன் ஊட்டணும்?"

"அந்த அண்டா திரும்பி வந்தது" என்றாள் இல்யாரி. "பத்து நாள் கழித்து, தென்பள்ளத்துப் பக்கம் இந்தக் குழாய் முடியும் பாறையடியில் இருந்தது. நன்றாகத் துலக்கி, உள்ளே உப்பு நிரப்பியிருந்தார்கள். பூமியிலிருந்து கொண்டுவந்த உங்கள் கடல் உப்பு. எங்கள் வழக்கத்தில், வெறும் பாத்திரம் திரும்பினால் கொடுக்கல் முடிந்தது. ஏதாவது வைத்துத் திரும்பினால் இரண்டு வீடும் உறவு. உறவென்று ஆன பிறகு குழாயை அடைக்க முடியுமா?"

யார் செய்திருப்பார்கள் என்று செண்பகவல்லிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த மூன்று வண்டிகளில் வந்த எந்தத் தூத்துக்குடிப் பெண்ணும் செய்திருப்பாள். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க அவளுக்கும் கை வராது. ரெண்டு வாழைப்பழம், ஒரு பிடி சர்க்கரை, எதுவும் இல்லாவிட்டால் ஒரு கை உப்பு. சமையல்காரி ஒருத்தி, சண்டையாவது ஒன்றாவது என்று பழக்கத்தில் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். தளபதி செய்ததற்குச் சிலை இருக்கிறது. அவள் செய்தது என்னவென்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"அந்த உப்ப வச்சிருக்கீங்களா?"

"இல்லை. இரண்டே மாதத்தில் தின்று தீர்த்துவிட்டோம்."

செண்பகவல்லி இந்தத் தடவை சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "நான் பொறந்தது தென்பள்ளத்துலதான். எம்மவளும் அங்கதான் பொறந்தா. எம்பேரனும். எங்க மூணு பேருக்கும் மொத மூச்சு நீங்க குடுத்ததுன்னு இன்னைக்குத்தான் தெரியுது. ஒரு வார்த்த சொல்லாம இருந்துட்டோமே." இல்யாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்ப் பிசுக்கு இரண்டு பேர் கையிலும் ஒட்டியது.

கிளம்பும்போது கேட்டாள். "கோள் மன்றத்து விசாரணைக்கு வருவீங்களா?"

"வருவேன். எங்கள் ஊர் சார்பில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம்."

மனு என்றால் என்ன மனு, மண்ணைக் கேட்கும் மனுதான். கேட்பதற்கு அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. மேற்கொண்டு கேட்காமல் செண்பகவல்லி கிளம்பினாள். வெளியே வரும்போது ஊரில் பாதிக் கூடங்கள் இருட்டாகக் கிடந்ததைப் பார்த்தாள். கவலையில் அது மனதில் நிற்கவில்லை.

எல்லைத் துறைத் தலைவர் சவரிமுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல் கண் வீங்கியிருந்தது.

"ரெண்டு பாசியும் உயிரோட இருக்குல்லா, செண்பகம்?"

"இருக்கு, அண்ணாச்சி."

"அப்ப உடன்படிக்கை மண்ணுன்னு எழுதிரு. சோலி முடிஞ்சுது. பொய் ஒண்ணும் சொல்லல. மாதிரியக் காட்டு, ரெண்டும் உயிரோட இருக்குன்னு சொல்லு, உக்காந்துரு."

"உடன்படிக்கைன்னா பின்னிக் கெடக்கணும். இது ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கு. கீழ கெடக்கதுதான் மேல கெடக்கதத் தாங்குது."

"அத யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாவ. நாமா சொன்னாத்தான் உண்டு."

சவரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வென்ற மண்ணுன்னாலாவது வழக்காடலாம். இது அவங்க கைய விட்டே போகாத மண்ணுன்னு ஆயிரும். பதினோராயிரம் பேரக் கூட்டிட்டு நான் எங்க போவேன்? நீ சும்மா இருந்தா போதும்மா. உம்மவ வீடும் அதுக்குள்ளதான் இருக்கு."

உலகம்மையும் அதையேதான் சொன்னாள், இன்னும் கூர்மையாக. "நீ பேசாம இருந்தா யாருக்கு என்ன நட்டம்? அந்தப் பொம்பளையோட ஊர்க்காரங்களே எழுவது வருசமா ஒண்ணும் கேக்கலல்லா."

"இப்ப கேக்கப் போறா. மனு வச்சிருக்கா."

"அதுக்கு முந்தி நீயே தூக்கிக் குடுத்துருவியா? இவனுக்கு நாலு மாசம், பாத்துக்கோ." பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள், அதன்பிறகு ஒன்பது நாள் தாயிடம் பேசவில்லை. செண்பகவல்லி கூப்பிட்டபோதெல்லாம் மருமகன்தான் எடுத்துச் சங்கடத்தோடு நலம் விசாரித்தான்.

அந்த ஒன்பது நாளும் அவளுக்குச் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. எவ்வளவு எளிது அது. ஆனால் ஒவ்வொரு தடவை மூச்சை இழுக்கும்போதும் அந்த எண்ணெய்ப் பிசுக்குக் கை நினைவுக்கு வந்தது. வாங்கிய உதவியை உதவி என்று சொல்லக்கூட வாய் வராவிட்டால் அப்புறம் என்ன மனுஷி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

விசாரணை புதுக்கரைப் பேரவைக் கூடத்தில் நடந்தது. வெளிநாடுகளிலிருந்து மூன்று நடுவர்கள் வந்திருந்தார்கள். தென்பள்ளத்துக்காரர்கள் கூடம் கொள்ளாமல் நின்றார்கள். சிலர் பெட்டி படுக்கையோடே வந்திருந்தார்கள். உலகம்மை பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில், தாயைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் ஒரு ஓரமாக இல்யாரி, மடியில் நாலாக மடித்த ஒரு தாள்.

தலைமை நடுவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "தென்பள்ளம் புதுக்கரைக்கு எந்த வழியில் வந்தது? வாங்கியதா, உடன்படிக்கையா, வெற்றியா?"

செண்பகவல்லி எழுந்தாள். சவரிமுத்து தரையைப் பார்த்தார்.

"மூணும் இல்லங்கய்யா. அது எங்களுக்கு வரவே இல்ல. அன்னைக்கும் இன்னைக்கும் அது வாய்ராக்காரங்க மண்ணு. எங்க பாசிக்கு அடியில அவங்க பாசி உயிரோட இருக்கு. மூணுல ரெண்டு பங்கு மூச்சு அதுல இருந்துதான் வருது. அத எழுவது வருசமா அவங்கதான் தண்ணி விட்டுக் காப்பாத்துதாங்க. நாங்க செயிச்சோம்ன்னு சிலை வச்சோம். அவங்க சாவியத் திருப்பாம இருந்தாங்க." பாசி மாதிரியை நடுவர்கள் முன் வைத்துவிட்டுத் தொடர்ந்தாள். "மன்றம் என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதோம். அதுக்கு முந்தி, இந்த எடத்துல வச்சு ஒண்ணு சொல்லணும். எங்க உசுரு உங்களால இருக்கு. ரொம்ப நன்றி, தாயி." இல்யாரியைப் பார்த்துக் கைகுவித்தாள்.

பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். நன்றியா பயமா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

நடுவர் இல்யாரி பக்கம் திரும்பினார். "வாரிசுகளின் சார்பில் மனு இருப்பதாகத் தெரிகிறது. வாசியுங்கள்."

இல்யாரி தாளைப் பிரித்தாள். வானொலிச் செய்தி வாசிப்பதுபோலத் திருத்தமாக வாசித்தாள்.

"புதுக்கரை அரசுக்கு வாய்ரா ஊரார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இரண்டு ஆண்டுகளாக எங்கள் ஊற்று வற்றி வருகிறது. இருக்கும் நீர் எங்கள் ஊர்ப் பாசிக்குப் போதும், அல்லது தென்பள்ளத்துப் பாசிக்குப் போதும். இரண்டுக்கும் போதாது. பதினோராயிரம் பேர் இருக்கும் பக்கமாகக் குழாயைத் திறந்து வைத்திருக்கிறோம். எங்கள் ஊரில் பாதிக் கூடங்களில் காற்று நின்றுவிட்டது. இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். தென்பள்ளத்தின் ஓரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் இடம் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்."

வாசித்து முடித்துத் தாளை மறுபடி நாலாக மடித்தாள். "இதை எழுதும்போது, அந்த இடம் உங்களுடையது என்று நீங்கள் நம்புவது எங்களுக்குத் தெரியும். உங்கள் நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாம் என்று இப்படி எழுதினோம். இந்த அம்மா இன்று சொன்னதைக் கேட்ட பிறகு, இந்த மனுவை யாரிடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை."

செண்பகவல்லி மடித்த அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பெண் தன் சொந்த மண்ணில் ஒரு ஓரம் கேட்டுக் கும்பிட்டு நின்றிருப்பாள், தானும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நினைக்கவே உடம்பு கூசியது.

சவரிமுத்து எழுந்தார். எல்லைத் துறைத் தலைவராக அந்தக் கூடத்தில் எத்தனையோ அதட்டல்கள் போட்டவர், இப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, உங்க எடம்ன்னு ஆயிட்டு. நாங்க அங்க இருந்துக்கிடலாமா?"

இல்யாரி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "இத்தனை ஆண்டுகளும் கேட்டுக்கொண்டா இருந்தீர்கள்?"

முதலில் சிரித்தது தலைமை நடுவர்தான். பிறகு கூடமே சிரித்தது, கண்ணீரும் மூக்குச் சிந்தலுமாக. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அதைக் கீழே வைத்தார்கள். ஒரு கிழவர் தன் மேல்துண்டில் முகத்தை மூடிக்கொண்டு, போதும் சாமி போதும் சாமி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த இரைச்சலுக்குள் உலகம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். நேராக இல்யாரியிடம் போய் நின்றாள்.

"உங்க ஊர்ல கைப்புள்ளக்காரங்க எத்தன பேரு?"

"ஒன்பது பேர்."

"அவங்கள மொதல்ல கூட்டிட்டு வந்துருவோம். காத்து நிக்குத எடத்துல பச்சப்புள்ளய வச்சிருக்கக் கூடாது. எங்க வீட்டுல ரெண்டு ரூம்பு சும்மாதான் கெடக்கு." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எங்க வீடு என்ன, உங்க வீடுதான்."

பிறகு, ஒன்பது நாளைக்குப் பிறகு முதல்முறையாக, தாயின் பக்கம் திரும்பினாள். மார்பில் கிடந்த பிள்ளையை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தாள்.

"இவனப் புடி. உன் வண்டிச் சாவியக் குடு. வழி எனக்குத் தெரியாது, இவங்களையும் ஏத்திக்கிடுதேன்."

செண்பகவல்லி பேரனை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு, இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தாள்.